தையலுக்கு விட்ட அரை அங்குலம்

அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்த சாம்பல் நிறத் துணியை யாரும் தொடவில்லை. வாங்கி வந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. துணி வந்த அன்றே அளவு, மறுநாள் வெட்டு, அதற்கடுத்த நாள் தையல், நான்காம் நாள் காஜாவும் பொத்தானும் என்று ஓடுகிற அந்த முன்னறையில் ஒரு துணி பதினெட்டு நாள் மடிப்புக் கலையாமல் கிடந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணம் வீட்டிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும். வெளியே காஜாக்காவுக்கும் தெரியும். காஜாக்காவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான்.

காஜாக்கா காலை பத்து மணிக்கு வந்து சன்னலோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுந்திருப்பாள். சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் கட்டுவது, பிசிறு நறுக்குவது அவள் வேலை. கை ஒரு பக்கம் ஓடும், வாய் இன்னொரு பக்கம் ஓடும். எது முந்தும் என்று சொல்ல முடியாது.

“ஏம்மா, அந்தத் துணி என்ன முட்டையா? அடை வச்சிருக்கியா, குஞ்சு பொரிக்கட்டும்னு?”

தையல்காரம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நேரம் வரட்டும்க்கா.”

“நேரம் எங்கேருந்து வரணும்? வண்டி ஏறி வரணுமா? ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் யூனிபார்ம் தைக்கிற. உன் பொண்ணு அப்பன் காக்கிச் சட்டையை மாட்டிக்கிட்டு அந்தப் பட்டறைக்குப் போறா. தோள் இங்க இருக்கு, சட்டை அங்க இருக்கு. பாப்பா நடக்குதா, சட்டை நடக்குதான்னே தெரியல.”

“எனக்குத் தெரியாம பாரம் எழுதிக் குடுத்தவங்க, பட்டறைக்குப் போடுற கோட்டையும் அவங்களே தைச்சுக்கட்டும்.”

“அப்படிச் சொல்லு. கோபம் துணி மேல இல்ல, பாரம் மேல.”

அந்தப் பள்ளிக்கூடப் பாரத்தின் கதை இதுதான். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு அதுவேதான். மனையியல், கணினி, அலுவலக நிர்வாகம், நான்காவதாகப் பொறியியல் தொழில்நுட்பம். அச்சில்தான் அவ்வளவு நீளப் பெயர். பிள்ளைகள் வாயில் அது பட்டறை வகுப்பு. தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, நான்கையும் இரண்டு முறை படித்து, அலுவலக நிர்வாகத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்தாள். நாற்காலி, மேசை, மேலே மின்விசிறி, எட்டு மணி நேரமும் வேர்க்காத முதுகு. அவள் மனதில் இருந்தது அவ்வளவுதான். மகள் பென்சில் குறியை அழித்தாள். நான்காவதற்குப் பேனாவால் குறி போட்டாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். அங்கே அவள் அப்பா, பேருந்து ஓட்டுகிறவர், வண்டி கிளப்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“வண்டி எடுக்கிற நேரத்துல நீட்டினா. போட்டேன்,” என்றார் அன்று சாயங்காலம்.

“எதை நீட்டினாலும் போடுவீங்களா? வீட்டை எழுதிக் கேட்டிருந்தா?”

“நாம இருக்கிறதே வாடகை வீடு. எழுதிக் குடுத்தாலும் செல்லாது.”

“சிரிக்காதீங்க. மெஷின் வேலைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும் என்பது உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் பெரிய துணிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். வரிசையில் பதினொன்றாவது மெஷின். சட்டைக்கு வலது கை பொருத்துவது மட்டும் அவள் வேலை. இடது கையை அடுத்த மெஷின்காரி பொருத்துவாள். எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வலது கையோ, ஒரு முழுச் சட்டையை இது நான் தைத்தது என்று அவளால் தொட்டுக் காட்ட முடியாது. ஒரு தடவை நூறு சட்டை கோணலாகப் போயிற்று. வெட்டினவர் செய்த தப்பு. மேற்பார்வைக்காரர் வரிசையில் நடந்து வந்து அவள் முன்னால் நின்று, “அளக்கத் தெரியாதவளுக்கெல்லாம் மெஷின் குடுத்தா இப்படித்தான்” என்றார். அவள் குனிந்து அடுத்த வலது கையை எடுத்துப் பொருத்தினாள். கல்யாணமாகி, இந்த முன்னறையில் சொந்த மெஷின் போட்ட பிறகும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தைத்த ஊசியாக உள்ளேயே நின்றுவிட்டது.

“மெஷின் முன்னாடி உக்காந்தா அது நம்மளையும் ஒரு உறுப்பா ஆக்கிடும்டி,” என்றாள் மகளிடம்.

“நான் உக்காரப் போகலம்மா. அது எப்படி ஓடுதுன்னு பார்க்கப் போறேன்.”

“பார்த்து?”

போன வருஷம் மெஷின் தையல் விட்டு விட்டு விழுந்தபோது, மெக்கானிக் வருவதற்குள் அடித்தகட்டைக் கழற்றி, சிக்கியிருந்த நூல் கந்தையை எடுத்து, திரும்ப முடுக்கி ஓட்டிக் காட்டியவள் மகள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒரு கப் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அம்மா மாதிரியே, சண்டையில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மீதியைப் பேசுகிற குணம்.

பட்டறை வகுப்புக்குப் பதினைந்து பேர் கேட்டிருந்தார்கள். இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். மூன்று வாரம் எல்லோரையும் உட்கார வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு சோதனை வைத்து, மூன்று பேரை வேறு பாடத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். சோதனை ஒரு திங்கட்கிழமை வந்தது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மழை விட்டபாடில்லை. இஸ்திரி போட்ட துணிகூட ஒரு மணி நேரத்தில் ஜில்லென்றாகிவிடும். மகள் வெட்டு மேசையின் ஒரு மூலையில் வரைபடத்தை விரித்து வைத்து, பென்சிலைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதைச் சுருட்டு. துணி விரிக்கணும்.”

“நாளைக்குச் சோதனைம்மா.”

“நாற்பது பேன்ட்டு நிக்குது. அதுவும் சோதனைதான். பள்ளிக்கூடத்துக்காரங்க வெள்ளிக்கிழமை வந்து நிப்பாங்க. பிடி அந்த ஓரத்தை.”

மகள் சுருட்டினாள். துணியை எட்டு மடிப்பாக விரித்தார்கள். கையால் நீவி, காற்றை வெளியேற்றி, அட்டை அச்சை மேலே வைத்து, சுற்றி ஒரு கோடு. அது தைக்கிற கோடு. அச்சை எடுத்துவிட்டு அதற்கு வெளியே அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. அது வெட்டுகிற கோடு. இடையில் இருக்கிற அரை அங்குலம் தையலுக்கு விடுவது. அது இல்லாமல் வெட்டினால் தைக்கும்போது துணி உள்ளே போய், பேன்ட் இடுப்பில் ஏறாது. கால் ஓரத்தில் மட்டும் இரண்டு அங்குலம், வளர்கிற பிள்ளைகள் என்பதால்.

மகளுக்கு டேப் தேவைப்படவில்லை. சாக்குக் கட்டியைப் பிடித்த கையின் சுண்டுவிரல் முதல் கோட்டைத் தொட்டபடி நகர, அரை அங்குலம் தள்ளி இரண்டாவது கோடு தானாக விழுந்தது. தையல்காரம்மா அவள் அறியாமல் நடுவில் ஒரு இடத்தில் அளந்து பார்த்தாள். அரை அங்குலம். இன்னொரு இடத்தில். அரை அங்குலம். பத்து வயதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்த கை. பெருமையாகத்தான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“சாக்கை அழுத்தாத. கோடு கனமாயிடும்.”

நாற்பது பேன்ட்டும் வெட்டி முடிக்கும்போது விளக்குப் போடும் நேரமாகிவிட்டது. மகள் வரைபடத்தைத் திரும்ப விரிக்கவில்லை. கத்தரி பிடித்துக் கட்டை விரல் சிவந்திருந்தது. சோற்றை இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்ததும் ஒரு கடிதத்தை வெட்டு மேசையில் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தையல்காரம்மா படித்தாள். ‘சோதனைப் பணியில் மாணவி வரைபடத்தின் அளவுகளைக் கடைப்பிடிக்கவில்லை. இடம் காலியாக உள்ள அலுவலக நிர்வாகப் பிரிவுக்கு மாற்றுவதற்குப் பெற்றோர் நாளை பத்து மணிக்கு நேரில் வந்து கையொப்பமிட வேண்டும்.’

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். பழம் விழுந்த பிறகு அதை எடுத்துச் சாப்பிடத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

சாப்பிடும்போது ஓட்டுநர் கேட்டார். “சந்தோஷமா?”

“எனக்கென்ன சந்தோஷம்.”

“இல்ல, மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி சுருக்கமில்லாம இருக்கு. அதான் கேட்டேன்.”

“நீங்க சும்மா இருங்க. ஏய், உனக்கு எப்படிடி அளவு தப்பும்?”

மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். “தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியலதான். உனக்கு வேணும்னது கிடைச்சிடுச்சுல்ல, விடும்மா.”

எதிரில் ஒருவர் வந்து நின்றாலே இடுப்பு முப்பத்து நாலா, முப்பத்து ஆறா என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிறவள் மகள். அவளுக்கு அளவு தப்பியது. அதுவும் தெரியவில்லையாம்.

மறுநாள் ஒன்பதரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காஜாக்கா வழியிலேயே எதிர்ப்பட்டாள்.

“எங்கம்மா, கழுத்துல டேப்போட? பள்ளிக்கூடத்துக்கே அளவு எடுக்கப் போறியா?”

தொட்டுப் பார்த்தாள். ஆமாம், டேப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்கத் திரும்பிப் போக நேரமில்லை. முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

பட்டறை என்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நீளமான ஒரு தகரக் கொட்டகை. கூரைமேல் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். எண்ணெய் வாசனை. இருபுறமும் கனமான மேசைகள், ஒவ்வொரு மேசை ஓரத்திலும் தகரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு இடுக்கி. கோடியில் ஒரு துளைபோடும் மெஷின். நடு மேசையில் பதினைந்து பேர் செய்த தகர வேலைகள் சாக்குக் கட்டியால் நம்பர் போட்டு வரிசையாக இருந்தன. பதினாலு தட்டு, ஏழாவது மட்டும் பாதி மடித்து நின்றுபோன தகரம். மற்ற பிள்ளைகள் வேறு வகுப்புக்குப் போயிருந்தார்கள். மகள் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இடுக்கிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

வகுப்பு வாத்தியாரை மில்லிமீட்டர் சார் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எஃகு அளவுகோல் வைத்திருப்பார். யாராவது தாமதமாக வந்தால்கூட, “என்னப்பா, ரெண்டு மில்லிமீட்டர் லேட்டு” என்பார்.

“உக்காருங்கம்மா. சுருக்கமா சொல்லிடறேன். இதுதான் கட்டை.” அவர் ஒரு மரக்கட்டையை எடுத்து வைத்தார். “தகரத்தை வரைபடத்துல இருக்கிற அளவுக்கு வெட்டி, மடிச்சா ஒரு தட்டு வரும். அதைக் கவுத்துப் போட்டா கட்டை மேல சரியா உக்காரணும். உங்க பொண்ணு வெட்டினது இது. மடிக்கும்போதே பார்த்துட்டேன், நிறுத்துன்னு சொல்லிட்டேன்.”

இரண்டு பக்கம் மடிந்து நின்றது. மூலைகளில் தகரம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாப் பக்கமும் பதிமூணு மில்லிமீட்டர் கூட. ஒண்ணு ரெண்டுன்னா கை நடுக்கம்னு விடலாம். பதிமூணுன்னா வரைபடத்தையே பார்க்கலன்னு அர்த்தம். இதுல வேடிக்கை என்னன்னா, உள்ள சரியான அளவுல ஒரு கோடு போட்டிருக்கா. அதை விட்டுட்டு வெளிய இன்னொரு கோடு போட்டு அதுல வெட்டியிருக்கா. ஏன்னு கேட்டா தெரியலங்கிறா. எனக்கு அவ மேல கோபமெல்லாம் இல்லம்மா. ஆனா மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டுத் தெரியலன்னு சொல்ற பிள்ளையை நான் வச்சுக்க முடியாது. இன்னைக்குத் தகரம் போச்சு, நாளைக்கு விரல் போகும்.”

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. தையல்காரம்மா சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். மாற்றல் பாரத்தை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தார். அவள் குனிந்தாள். முந்தானைக்குள் இருந்த டேப் சரிந்து, அதன் நுனி அந்தத் தகரத்தின் மேல் விழுந்தது. டேப்பை எடுக்கப் போனவள் கோடுகளைப் பார்த்தாள்.

உள்ளே ஒன்று. வெளியே ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி, மூலை திரும்பினாலும் சேர்ந்தே திரும்பி, சேர்ந்தே ஓடின.

டேப்பைத் தகரத்தில் வைத்தாள். சென்டிமீட்டர் பக்கம் மேலே இருந்தது. ஒன்றும், பத்தில் மூன்றும். அவர் சொன்ன பதிமூன்று சரிதான். டேப்பைத் திருப்பிப் போட்டாள். அங்குலம். அரை.

பேனா கையிலேயே இருந்தது. போட வேண்டியது ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் நாளை முதல் மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். இந்த இரண்டு கோடு என்னவென்று உலகத்தில் மூன்றாவது ஆளுக்குத் தெரியப் போவதில்லை. வாத்தியாருக்கு மில்லிமீட்டர்தான் தெரியும். மகள் வாயைத் திறக்கப் போவதில்லை. காகிதத்தில் மட்டும், அளவுகளைக் கடைப்பிடிக்கவில்லை என்று இருக்கும். அளக்கத் தெரியாதவள். வரிசையில் நடந்து வந்து அவள் முன்னால் நின்ற அந்தக் குரல் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

“சார், இது பதிமூணு இல்ல. அரை இஞ்சு.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“உங்களுக்கு ஒண்ணு சார். எங்களுக்கு இல்ல. நான் தையல்காரி. துணி வெட்டும்போது உள்ள தைக்கிறதுக்கு ஒரு கோடு, வெளிய வெட்டுறதுக்கு ஒரு கோடு. நடுவுல அரை இஞ்சு தையலுக்கு விடுவோம். ஞாயித்துக்கிழமை பூரா இவளை நாற்பது பேன்ட்டு வெட்ட வச்சேன். படிக்கணும்னு சொன்னா, நான் விடல. நாற்பது பேன்ட்டுக்கு அரை இஞ்சு விட்ட கை, திங்கக்கிழமை தகரத்துக்கும் விட்டிருக்கு.”

“தகரத்துக்கு எதுக்கும்மா தையல்?”

“அதானே சார் தப்பு. தப்பு இல்லன்னு நான் சொல்லல. அளக்கத் தெரியாதவ செஞ்ச தப்பு இல்லன்னு சொல்றேன். வேணும்னா நீங்களே சுத்தி அளந்து பாருங்க. ஒரு இடத்துல கூடக்குறைய இருந்தா நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

அவர் எஃகு அளவுகோலை எடுத்தார். முதல் பக்கம் பார்த்தார். இரண்டாவது. தகரத்தைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு இடத்தில் அளந்தார். பிறகு தேறிய தட்டு ஒன்றை எடுத்து அதையும் அளந்து, அதில் ஒரு மூலையில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்ததைப் பார்த்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்று மகளைக் கேட்டார். “உனக்குத் தெரியாதா?”

“வெட்டி முடிச்சதும் தெரிஞ்சிடுச்சு சார்.”

“அப்புறம் ஏன் தெரியலன்ன?”

“சொன்னா சிரிப்பாங்க சார். தகரத்துல பேன்ட்டு தைக்க வந்தியான்னு கேப்பாங்க.”

தையல்காரம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எந்தத் துணியையும் வீணாகப் போக விட்டுப் பழக்கமில்லாதவள்.

“மிச்சம் இருக்கிறது ஒரு தப்பா சார்? பத்தாமப் போனாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. உள்பக்கமா மடிச்சு அடிச்சுட்டா ஓரம் தைச்ச மாதிரி ஆயிடும். ஏன்டி, மடிச்சுடேன்.”

“உள்ள மடிச்சா கெட்டுதும்மா,” என்றாள் மகள் உடனே. தலை நிமிர்ந்துவிட்டது. “தகரம் துணி மாதிரி நசுங்காது. மடிப்போட கனம் உள்ள வந்துடும். அப்புறம் கட்டை மேல எப்படி உக்காரும்? வெளியதான் மடிக்கணும். மூலைல இந்த ரெண்டு பக்கத்துக் காதை வெட்டிடணும், அந்த ரெண்டு பக்கத்துக் காதை வெளிய ஒட்டி வளைச்சு, துளை போட்டு ஆணி அடிச்சா…”

வாத்தியார் பார்ப்பதைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்ட? மேல சொல்லு.”

“ஓரம் மடிஞ்சுட்டா கையையும் கிழிக்காது சார்.”

மில்லிமீட்டர் சார் அளவுகோலைப் பையில் செருகினார். “மத்தியான மணி அடிக்கிறதுக்குள்ள செஞ்சு முடி. கட்டைல உக்காந்தா பார்க்கலாம். வரைபடத்துல இல்லாததைச் செஞ்சதுக்கு மூணு மார்க் போனது போனதுதான். அப்புறம் ஒண்ணு. தெரிஞ்சதைத் தெரியலன்னு இனிமே இந்தக் கொட்டகைக்குள்ள சொன்ன, நானே உன்னை வெளிய அனுப்பிடுவேன்.”

“சரிங்க சார்.”

மகள் வேலையை ஆரம்பித்தாள். காதுகளை நறுக்கினாள். ஓரத்தை இடுக்கியில் பிடித்து, மரச் சுத்தியலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனாள். ஒரே இடத்தில் தட்டினால் தகரம் அலை அலையாகிவிடும். தையல்காரம்மா கையெழுத்தில்லாத பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் காக்கிச் சட்டையின் கை நழுவி மணிக்கட்டுக்கு வந்தது. மகள் பல்லால் இழுத்து மேலே ஏற்றினாள். மறுபடி நழுவியது. துளை போடும் மெஷினுக்குப் பக்கத்தில் போனபோது வாத்தியார் குரல் கொடுத்தார்.

“அங்கேயே நில்லு! அந்தக் கையோட மெஷின் கிட்டப் போகாத. சுத்தி இழுத்துடும். மூணு வாரமா சொல்றேன், உனக்குக் கோட்டு இல்லையா?”

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. “துணி இருக்கு சார். இன்னும் தைக்கல.”

தையல்காரம்மா எழுந்து போனாள். ரவிக்கைக் கழுத்தில் எப்போதும் நூலோடு குத்தி வைத்திருக்கிற ஊசியை உருவினாள். மகளின் கையைப் பிடித்து, சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்து, நாலு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். அடுத்த கைக்கும் நாலு தையல்.

மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது கடைசி ஆணியும் அடங்கியது. வாத்தியார் தட்டை வாங்கி, கட்டைமேல் கவிழ்த்து, விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். டொக்கென்று உட்கார்ந்தது. கட்டையைத் தூக்கி ஆட்டினார். தட்டு விழவில்லை. இழுத்தார். வந்தது. ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பட்டியலை எடுத்து ஏழாவது எண்ணுக்கு நேராக என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கத் தையல்காரம்மாவுக்கு ஆசைதான். அவரே சொன்னார்.

“நாளைக்குக் கோட்டோட வரச் சொல்லுங்கம்மா.”

மழையால் மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். மழை தூறலாகியிருந்தது. ஒரு குடைக்குள் இரண்டு பேர் நடந்தார்கள். தகரத் தட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி பாதித் தூரம் மகள் குடைக்கு வெளியேதான் வந்தாள்.

“ஏம்மா சொன்ன? உனக்குத்தான் அந்த வகுப்பே பிடிக்காதே.”

“பிடிக்காதுதான். இப்பவும் பிடிக்கல.”

“அப்புறம்?”

“பிடிக்காதது வேற. என் பொண்ணுக்கு அளக்கத் தெரியாதுன்னு ஒருத்தர் எழுதி வைக்கிறது வேற.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னாள்: “ஆமா, உள்ள மடிச்சா உக்காராதுன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல. யோசிச்சுப் பார்த்தா தெரியுது.”

“எனக்கு யோசிச்சும் தெரியலையே.”

“உனக்குத் துணி தெரியும்மா,” என்றாள் மகள், ஆறுதல் சொல்கிற தொனியில். தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் காஜாக்கா முக்காலியிலேயே காத்திருந்தாள். தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓரமெல்லாம் மடிச்சு வச்சிருக்கே. பாப்பா, காஜா மட்டும்தான் பாக்கி, குடு, எடுத்துத் தரேன்” என்றாள். பிறகு தட்டில் பொத்தான்களைக் கொட்டி வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை, அது இனிமேல் அவள் தட்டு.

தையல்காரம்மா கைகழுவிவிட்டு வந்து மாற்றல் பாரத்தை நாலாக மடித்து அளவு நோட்டுக்குள் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி மூன்றாவது தட்டிலிருந்து சாம்பல் துணியை இறக்கினாள். மடிப்பில் இத்தனை நாள் தூசு ஒரு கோடாகப் படிந்திருந்தது. உதறினாள்.

“பொரிச்சிடுச்சு!” என்றாள் காஜாக்கா.

“நீங்க உங்க வேலையைப் பாருங்கக்கா. ஏய், வா இங்க. நேரா நில்லு.”

“என் அளவுதான் உனக்குத் தெரியுமேம்மா.”

“தெரிஞ்சாலும் எடுக்கணும்.”

தோள், கை, உயரம். நோட்டில் எழுதிக்கொண்டாள். துணியை விரித்து நீவினாள். அச்சு வைத்து முதல் கோடு. வெளியே அரை அங்குலம் தள்ளி இரண்டாவது. கோட்டுக் கையின் ஓரத்துக்கு வந்ததும் சாக்குக் கட்டி நின்றது. டேப்பை வைத்து, ஒரு தடவை பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திப் புள்ளி வைத்தாள். மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவும்மா விடற?”

“மூணு.”

“பேன்ட்டுக்கே ரெண்டுதானே விடுவ?”

தையல்காரம்மா கோட்டை முழுதாக இழுத்து முடித்தாள். கத்தரியை எடுத்தாள்.

“இதை ரெண்டு வருஷம் போடணும்ல. வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுடி.”